வந்துடுச்சு

மெயின் சுவிட்ச் இறக்கியிருந்தது. அதன் மேல் மாட்டிய சிறிய பூட்டின் சாவி பேனல்காரரின் சட்டைப்பையில் இருந்தது. பேட்டரிகள் இரண்டும் இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அப்படியிருக்க, அப்போதுதான் நான்கு திருகாணிகளில் சுவரோடு ஏற்றி நிறுத்திய ஃபயர் அலாரம் பேனலின் அந்தச் சிவப்புப் பெட்டி ஒரு முறை 'பீப்' என்றது.

பேனல்காரர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. உள்ளே எங்கேயாவது துளி கரண்ட் தேங்கி நின்றிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று காலைதான் உறை பிரித்த புதுப் பெட்டிக்குள் எந்தக் கரண்ட் வந்து தேங்கும் என்று கேட்கிற ஆள் ஒருவன் முன்பு அவருக்குள் இருந்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனும் கிளம்பிப் போய்விட்டான்.

கால் மரத்துப்போனால் உதறிவிடலாம். ஆளே மரத்துப்போனால் எதை உதறுவது? அவருக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் பசியும் வரவில்லை. கைகள் மட்டும் வேலையை மறக்காமல் இருந்தன. முதலில் எர்த், பிறகு புகையைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர்களை இணைக்கிற வயர் லூப், அதன் பிறகு மெயின், எல்லாவற்றுக்கும் கடைசியில் பேட்டரி. இந்த வரிசையில் கை தப்பினால் பேனல் போகும், சில சமயம் ஆளும் போவான். கைகள் வரிசை தவறாமல் ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருக்க, அவர் வேறு யாருடைய கைகளையோ வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றிருந்தார்.

"மாமா, டீ ஆறுது" என்றான் பின்னாலிருந்து மைத்துனன்.

மனைவியின் தம்பி. அக்காவை அனுப்பிவைத்த கையோடு ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டியவன், பையைத் திறந்து துணிகளை மாமாவின் அலமாரியில் அடுக்கிவிட்டான். "நான் போனா நீங்க சாப்பிட மாட்டீங்க" என்பதற்கு மேல் அவன் காரணம் எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இவரோடு கட்டடம் கட்டடமாக வர ஆரம்பித்தான். நீளக் கம்பின் நுனியில் புகை டப்பாவை மாட்டி, கூரையில் இருக்கும் டிடெக்டருக்குப் புகை காட்டுவது அவன் வேலை என்பதால் சக ஆட்கள் அவனுக்குச் 'சாம்பிராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். சமையலில் உப்பு இல்லாததிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் வாய் ஓயாமல் பேசுவான். அந்த வீட்டில் இப்போது பேசுகிற வாய் அது ஒன்றுதான். அதுவும் நின்றுபோனால் தான் என்ன ஆவோம் என்று நினைத்துப் பார்க்கும்போது மட்டும் பேனல்காரருக்கு நெஞ்சில் ஏதோ ஒரு மூலையில் உணர்ச்சி தெரியும்.

"குடிக்கிறேன் வை."

"குடிக்கிறேன்னு சொல்லிச் சொல்லியே மூணு டீயைக் கொன்னுட்டீங்க. இதையாவது உசுரோட குடிங்க."

ஆறு மாடிப் பெண்கள் விடுதி. மறுநாள் பெண்கள் பெட்டியும் பையுமாக வந்து இறங்கப் போகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டடத்தில் இவர்கள் இருவரையும், வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனையும் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. மழை வருவதுபோல் வானம் மூடியிருந்ததால் வராந்தாக்களில் பகலிலேயே இருட்டு கட்டியிருந்தது. புது பெயின்ட் வாசனையும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளின் வாசனையும் மாடிப்படி வழியாக மெதுவாக இறங்கி, படிக்கு அடியில் இருந்த பேனல் அறையில் வந்து தங்கின.

மெயினைப் போட்டார். பேட்டரியை இணைத்தார். திரையில் பச்சை எழுத்தில் 'நார்மல்' என்று வந்தது. ஹூட்டர்கள் அலறாதபடி பேனலைச் சோதனை நிலையில் வைத்தார்.

இனி மிச்சமிருப்பது நடைச் சோதனைதான். ஒருவன் மேலே அறை அறையாகப் போய் டிடெக்டருக்குப் புகை காட்டி, வாக்கிடாக்கியில் அறை எண்ணைச் சொல்வான். கீழே பேனலின் முன்னால் நிற்பவர் திரையில் அந்த எண் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு 'வந்துடுச்சு' என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மேலே இருப்பவன் அடுத்த அறைக்கு நகர்வான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பிற்பாடு அந்த அறையில் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குவாள். பார்க்காமல் சொல்லக் கூடாத சொல் அது.

மைத்துனன் உச்சி மாடியிலிருந்து ஆரம்பித்தான்.

"அறுநூத்தி ஒண்ணு, மாமா."

திரையில் 601.

"வந்துடுச்சு."

"அறுநூத்தி ரெண்டு."

"வந்துடுச்சு."

இடையிடையே அவன் பேச்சும் வந்தது. மேலே காற்று நன்றாக வருகிறதாம், ஒரு அறையில் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களாம், இந்த விடுதியில் வந்து தங்குகிறவர்கள் எல்லாம் தலைகீழாக நின்றுதான் பொட்டு வைக்கணுமாம். பேனல்காரர் 'ம்' கொட்டினார். ஆறாவது மாடி ஒழுங்காக முடிந்தது.

ஐந்தாவது மாடியில் பேச்சு குறைந்தது. "ஐநூத்தி ஒண்ணு." வந்துடுச்சு. "ஐநூத்தி ரெண்டு." வந்துடுச்சு. பேனல்காரரின் கண் திரையில்தான் இருந்தது, ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதன் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை. இத்தனை வயதான முகம் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வந்துடுச்சு. வந்துடுச்சு.

"ஐநூத்தி ஆறு."

"வந்துடுச்..."

பாதியில் நிறுத்தினார். முகத்தைத் தாண்டி அப்போதுதான் எழுத்தைப் படித்தார். ஆறாவது மாடியின் கடைசி அறையோடு திரை நின்றிருந்தது. ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு எண்கூட விழவில்லை. ஐந்து அறைகளில் எதுவுமே வராதபோது, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று வாய்நிறையச் சொல்லியிருக்கிறார்.

"மாப்ள, நில்லு. அஞ்சாவது மாடில எதுவும் வரல. மறுபடி ஒண்ணுலேருந்து காட்டு."



"வந்துடுச்சுன்னு சொன்னீங்களே மாமா."

"தப்பா சொல்லிட்டேன்டா. பார்க்கல."

"எல்லாத்துக்கும் சொன்னீங்களே" என்றான். கிண்டல் செய்கிற குரல் இல்லை.

அப்போது பேனல் 'பீப்' என்றது. 501.

"ஒண்ணாம் ரூமுக்குப் போய்ட்டியா?"

"இல்ல, ஐநூத்தி ஆறுலதான் நிக்கிறேன்."

502.

லூப் இணைப்பில் ஏதோ தகராறு, தாமதமாக வருகிறது என்று பேனல்காரர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாக்கியில், மைத்துனனின் மூச்சுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. ஓங்கி அடிக்கவில்லை. உள்ளே குழந்தை தூங்கும்போது தாய் சாத்துவாளே, அப்படி.

503. மறுபடியும் கதவு.

"மாமா, வாட்ச்மேன் மேல வந்திருக்காரா?"

பேனல்காரர் எட்டிப் பார்த்தார். வாசல் நாற்காலியில் வாட்ச்மேனின் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது.

"இல்ல."

"அப்ப ரூம் ரூமா போய்க் கதவைச் சாத்திக்கிட்டு வர்றது யாரு?"

"ஆளு தெரியுதா?"

"வராந்தால யாரும் இல்ல மாமா. கதவு மட்டுந்தான் மூடுது. ஒவ்வொரு கதவா."

504.

பேனல்காரருக்கு முதலில் விளங்காதது தன் உடம்பில் நடந்ததுதான். உள்ளங்கை ஈரமாகியிருந்தது. முதுகில் சில்லென்று ஏதோ இறங்கியது. இதற்கு என்ன பெயர் என்று யோசித்துத்தான் பயம் என்று கண்டுபிடித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்த முதல் உணர்ச்சி.

"கம்பைப் போட்டுட்டுக் கீழ வா."

"படி ஒண்ணாம் நம்பர் பக்கம் இருக்கு மாமா. அது... அது அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது."

"அந்தக் கோடில அவசரப் படிக்கட்டு இருக்குல்ல, அதுல எறங்கு."

ஓடுகிற காலடி. கம்பு தரையில் விழுகிற சத்தம். பிறகு இரும்புக் கதவை உலுக்குகிற சத்தம்.

"பூட்டியிருக்கு மாமா!"

தீப்பிடித்தால் தப்பி ஓடுவதற்கென்றே வைத்த கதவை, பாத்ரூம் குழாய்கள் திருட்டுப் போகாமல் இருக்கப் பூட்டி வைத்திருந்தார்கள். பேனல்காரர் வாக்கியைப் பேனலின் தலைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். வாட்ச்மேனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அவசரப் படிக்கட்டுச் சாவி!"

"என்ன சார், தீயா?"

"சாவியக் குடுங்க முதல்ல!"

சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஓடினார். வெளிப்புறப் படிக்கட்டு இரும்பால் ஆனது. அவர் ஏற ஏற அது முழுக்க அதிர்ந்தது. அந்த அதிர்வுக்கு மேலே, ஐந்தாவது மாடியிலிருந்து, மைத்துனன் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் தட்டினான். மாமா என்று கத்தினான். "வந்துட்டேன்டா, வந்துட்டேன்" என்று இவரும் கத்திக்கொண்டே ஏறினார். அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் அவன் இருக்கிறான். ஆண்டவனே, தட்டிக்கொண்டே இருக்கட்டும். மூன்றாவது மாடி தாண்டினார். நான்காவது.

தட்டுவது நின்றுவிட்டது.

பூட்டில் சாவி சேரவில்லை. அடுத்த சாவி. அதுவும் இல்லை. மூன்றாவது சாவி திரும்பியது.

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

நீண்ட வராந்தா. இருட்டு. அந்தக் கோடி வரைக்கும் கதவுகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. கம்பு தரையில் கிடந்தது. புகை டப்பா அதன் நுனியிலேயே இருந்தது. வராந்தாக் கூரையில் இருந்த டிடெக்டர்கள் அத்தனையும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. நன்றாக இருக்கிற டிடெக்டர் கண் சிமிட்டும். புகை பட்ட டிடெக்டர் சிமிட்டாது. இவை எதுவும் சிமிட்டவில்லை.

திறந்திருந்தது இரண்டு கதவுகள்தான். ஒன்பதும் பத்தும்.

"மாப்ள?"

ஒன்பதுக்குள் எட்டிப் பார்த்தார்.

அவன் நடு அறையில் நின்றிருந்தான். நேராக. கைகள் தொங்கின. முகம் மட்டும் கூரையைப் பார்த்து மல்லாந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அகலமாக. ஒரு ஆளால் திறக்க முடிவதைவிட அகலமாக.

அதிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

அவசரமில்லாத புகை. வெள்ளையாக, நூல் பிடித்தாற்போல், நேராக மேலே. டிடெக்டருக்குள்.

வாசனையே இல்லை.

டிடெக்டர் சிவந்தது.

அவன் இடுப்பில் வாக்கி கரகரத்தது. கீழே பேனல் அறையில் ஆள் கிடையாது. இவருடைய வாக்கி அங்கேதான், பேனலின் தலைமேல் இருந்தது.

"வந்துடுச்சு" என்றது அவருடைய குரல். அவருடைய அதே குரல். எதையும் பார்க்காமல், எதையும் கேட்காமல், மரத்துப்போய். "அடுத்தது."

மைத்துனன் முகத்தை இறக்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே நடந்தான். இவர் தோளில் இடித்துக்கொண்டு வெளியே போனான். பத்தாம் அறைக்குள் நுழைந்தான். நடுவில் போய் நின்றான்.

"டேய். டேய், நான்தான்டா. மாமாடா."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தார். கண்கள் அவனுடையவைதான். அவனுக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பேனல்காரர் அழுதார். உடம்பெல்லாம் குலுங்க, வாய்விட்டு, பெரிதாக அழுதார். அவனைக் கட்டிப் பிடித்தார். இழுத்தார். அசையவில்லை. தாடையைப் பிடித்து மூடப் பார்த்தார். மூடவில்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அந்த வாயை அமுக்கிப் பொத்தினார்.

கைக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ முட்டியது. பிறகு அவருடைய ஒவ்வொரு விரலிடுக்கிலிருந்தும், மெல்லிசாக, நூல் நூலாகப் பிரிந்து, புகை மேலே ஏறியது.