நெல்ஸ் சுற்றிய வயர்கள்

மழை சொல்லாமல் பிடித்துக்கொண்டது. மே மாதத்து மழை... ஏரிப் பக்கமிருந்து சாய்வாக வந்து, சாலையைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் பெய்யவே ஆரம்பித்தது. மாரிட் ஹால்வர்சன் அந்தப் பெரிய பைக்கைப் பெட்ரோல் பங்கின் கூரைக்கடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். முன் கவசத்திலிருந்த ஸ்பீக்கர்களில் ஒரு போல்கா பாட்டு துள்ளிக்கொண்டிருந்தது. அக்கார்டியனுக்குப் பின்னால் இன்னொரு ஓசையும்... ஞொய்யென்று, கொசு பாடுவது போல. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அதுவும் ஏறும். விட்டால் இறங்கும்.

"எர்த் சரியில்ல."

திரும்பினாள். கையில் காபியோடு ஒருவன் தூணில் சாய்ந்து நின்றான். கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

"என்கிட்டயா சொன்னீங்க?"

"உங்க பைக்குகிட்ட. பாவம், அழுதுட்டிருக்கு."

"அழல. பாடுது."

"போல்காவா?" அப்போதுதான் கண்களைத் திறந்தான். சாம்பல் நிறம்... மழைக்குச் சற்று முன்னால் ஏரிக்கு வரும் நிறம். மாரிட் தலைக்கவசத்தின் வாரை அவிழ்ப்பதில் மும்முரமானாள். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது.

"இத்தாம் பெரிய வண்டில போல்கா போடுற ஆள இப்பதான் பார்க்கறேன்."

"பார்த்தாச்சில்ல? காபி ஆறுது, குடிங்க."

அவன் சிரித்தான். பெயர் ஸ்டெஃபான் க்ரோல். அடுத்த தெருவில் பைக்குகளுக்கு ஸ்பீக்கர் பொருத்தித் தரும் கடையில் வேலை. "மழை விட்டதும் கொண்டாங்க, பார்த்துடலாம்" என்றான்.

அவளே செய்வதாகத்தான் இருந்தாள். ஆனால் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முடிந்து வண்டிகள் வெளியே வரும் அந்த ஞாயிறன்று, போதகர் ஒவ்வொரு பைக்கின் மேலும் தண்ணீர் தெளித்து ஆசீர்வதிப்பார். பிறகு எல்லோரும் வரிசையாக ஏரியைச் சுற்றி வருவார்கள். இந்த வருஷம் முன்வண்டி அவளுடையது. "நீதான் முன்னாடி போற, பாட்டு கடைசி வண்டி வரைக்கும் கேக்கணும், நெல்ஸுக்கு சத்தம்னாதான் புடிக்கும்" என்று பைக் குழுவின் தலைவர் ரூடி சொல்லிவிட்டார். அந்த ஞொய் ஓசையையுமா கடைசி வண்டி வரைக்கும் கேட்க வைப்பது?

கடையில் ஸ்டெஃபான் முன் கவசத்தைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"யாருங்க இதச் சுத்தினது? குரங்கு கையில பூமாலையக் குடுத்த மாதிரில்ல இருக்கு! ஒரு ஊருக்கான டேப்ப ஒரே வண்டில ஒட்டியிருக்கான்!"

மாரிட் கவசத்துக்குள்ளிருந்த டேப்பையே பார்த்தாள்.

"எங்க கடைல ஒரு சட்டம்" என்றான் அவன், துணியில் கையைத் துடைத்தபடி. "வேற ஆள் பாதில விட்ட வேலைய முடிச்சுக் குடுக்க மாட்டோம். மொத்தத்தையும் பிடுங்கிட்டு முதல்லேருந்து. அப்பதான் எங்க பொறுப்பு."

"பிடுங்கினத என்ன பண்ணுவீங்க?"

"குப்பைல போடுவோம்."

"மூடுங்க."

"என்னது?"

"கவசத்த மூடுங்க. நானே பண்ணிக்கறேன்."

"நீங்களா? ஃபோன்ல வீடியோ பார்த்தா?"

"ஆமா. வீடியோ சிரிக்காது."

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். கடைவாசலில் அவன் துணியும் கையுமாக நின்றது கண்ணாடியில் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, திருப்பம் வரும்வரை பார்த்தாள்.

நெல்ஸ் அவளுடைய அண்ணன்; பைக் அவனுடையது. போன கோடை முழுக்க அவன் அந்த வயர்களோடுதான் மல்லுக்கட்டினான். கடைக்குக் கொடு என்று யார் சொன்னாலும், "என் வண்டிக்கு என் கை" என்பான். அந்த ஓசையைக் குளிர்காலத்தில் சரிசெய்வதாகச் சொன்னான். இலைகள் உதிர்கிற சமயத்தில், ஒரு காலை, அவன் எழுந்திருக்கவில்லை. இதயம், என்றார் டாக்டர். உடுப்புகளை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. அவன் கை வேலை என்று மிச்சமிருந்தது அந்தக் கவசத்துக்குள்தான்.

சனிக்கிழமை காலை கராஜில் கழற்றியதும் மாட்டியதுமாக மாரிட் களைத்துப் போயிருந்தாள். ஓசை முன்னைவிட அதிகமாகியிருந்தது. வாசலில் லைலாக் செடி தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் ஸ்டெஃபான். உள்ளே வரவில்லை.

"நேத்து மீன் விருந்துல ரூடியப் பார்த்தேன்" என்றான்.

"என்ன சொன்னார்?"

"என்னக் கழுதைன்னார்."

"மரியாதை தெரிஞ்ச மனுஷன். கழுதையோட நிறுத்திக்கிட்டார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடுங்க. அண்ணனோட வேலைன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா சிரிச்சிருக்க மாட்டீங்க. வேலை மோசம்னு மனசுல நினைச்சிருப்பீங்க. அவ்வளவுதானே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆமா."

மன்னிப்பைவிட அந்த 'ஆமா' அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று தெரியவில்லை... நகர்ந்து வழிவிட்டாள்.

"கடைச் சட்டம்?"

"கடை அங்க இருக்கு. நான் இங்க வந்திருக்கேன்."

இந்த முறை அவன் எதையும் தொடுமுன் கேட்டுக் கேட்டுத் தொட்டான். பேட்டரியிலிருந்து போகும் தடித்த வயரை விரலால் தடவிக்கொண்டே போனவன் ஓர் இடத்தில் நின்றான். முகம் மாறியது.

"எல்லாத்தையும் அப்படியே விட்டுடலாம். இத மட்டும் முடியாது."

"வந்துட்டீங்கல்ல, பிடுங்கற பேச்சுக்கு!"

"பாருங்க... ஃப்ரேம் விளிம்புல உரசி செம்பு தெரியுது. ஃபியூஸும் போடல. நாளைக்கு இது இரும்பத் தொட்டுச்சுன்னா, நீங்க உக்காந்திருக்கற இடத்துக்குக் கீழ நெருப்பு."

"அவன் கோடை பூரா இதுலதான் ஓட்டினான்."

"அவர் போனது இதால இல்ல. நீங்க போயிடக் கூடாது." குரல் உயரவில்லை. "அவர் இங்க நின்னு இதப் பார்த்திருந்தா, என்னக் கேட்டிருக்க மாட்டார். அவரே வெட்டியிருப்பார்."

கட்டரை அவளிடம் நீட்டினான். அவன் வெட்டவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மாரிட் வாங்கிக்கொண்டாள். முதலில் டேப்பைப் பிரித்தாள்... சுற்று மேல் சுற்று, முடிவே இல்லாமல். அடியில், பசையில் ஒட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் தாடி மயிர். நெல்ஸ் பல்லால் டேப்பைக் கடித்து அறுப்பான். ஸ்டெஃபான் அதைப் பார்த்துவிட்டு, லைலாக் பக்கம் திரும்பி வெகுநேரம் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுது முடிக்கட்டும் என்று.

பிறகு அவளே வெட்டினாள்.

புது வயரை அவன் சொல்லச் சொல்ல அவளே மாட்டினாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். கடைசியில் எர்த். நெல்ஸ் அந்தக் கம்பியை ஃப்ரேமின் பெயின்ட்டுக்கு மேலேயே வைத்து முடுக்கியிருந்தான்.

"பெயின்ட்டச் சுரண்டாம விட்டிருக்கார். கரன்ட்டு எப்படித் திரும்பிப் போகும்? அதான் அந்தச் சத்தம்."

மாரிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுரண்டியிருக்க மாட்டான். வண்டிக்கு வலிக்கும்னு விட்டிருப்பான்."

உப்புத்தாளை எடுத்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தாள். கம்பியை முடுக்கினாள். பைக்கைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரைத் திருகினாள். அக்கார்டியன்... அக்கார்டியன் மட்டும். மற்ற வயர்கள் எல்லாம் நெல்ஸ் சுற்றியபடியே, அசிங்கமாக, பத்திரமாக இருந்தன.

ஸ்டெஃபான் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். மூடியிருக்கிற கண்களுக்குப் பயமில்லை... மாரிட் ஆசைதீர அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பார்க்கறீங்க?"

"நீங்கதான் கண்ண மூடிட்டிருக்கீங்களே!"

"காத மூடலையே. நீங்க மூச்சு விடல."

அவள் சட்டென்று பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள்.

ஞாயிறன்று வானம் வெளுத்திருந்தது. போதகர் தெளித்த தண்ணீர் கவசத்தில் முத்து முத்தாக நின்றது. வண்டிகள் இரண்டிரண்டாக வரிசை கட்டின. முன்வரிசையில் மாரிட் மட்டும். அவளுக்கு வலப்பக்கம் ஒரு வண்டிக்கான இடம் வெறுமையாக. இறந்தவருக்கென்று அதை விட்டுவிட்டுத்தான் போவார்கள். வழியெங்கும் யாரும் அதற்குள் வரமாட்டார்கள்.

ஏரியைச் சுற்றிலும் போல்கா. மரங்களுக்கு இடையே, வளைவுகளில், தாடிக்காரர்கள் எல்லாம் ஹாரனால் தாளம் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள். வலப்பக்கத்து வெற்றிடத்தை மாரிட் ஒருமுறை பார்த்தாள். அங்கே வெயில் அவளோடு சமமாக ஓடி வந்தது. சிரித்தாள். தலைக்கவசத்துக்குள் கண்ணீரைத் துடைக்க முடியவில்லை.

தேவாலய மைதானத்தில் சாசேஜ் வறுக்கும் புகைக்கு நடுவே ஸ்டெஃபான் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். குழுவில் இல்லாதவன் என்பதால் அவனுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்திருந்தது.

"கடைசி வண்டி வரைக்கும் கேட்டுதா?"

"பாதி வழி கேட்டுது. அப்புறம் காத்து திரும்பிடுச்சு."

"அப்ப மீதி வழி சும்மாவா வந்தீங்க?"

"இல்ல..." காகிதத் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மூன்று தெரு தாண்டி ஓடும் எஞ்சினின் கோளாறைச் சொல்லிவிடுகிறவனுக்கு, பக்கத்தில் நிற்கிறவளிடம் வார்த்தை வரவில்லை. "உங்க பக்கத்துல காலியா இருந்துதே... அது அவரோட இடம். அதுக்கு நான் ஆசைப்படல. என்னிக்கும் ஆசைப்பட மாட்டேன். ஆனா பின்னாடி எங்கயாவது ஒரு இடம்... இன்னிக்கு மட்டும் இல்ல, மாரிட். நீங்க போற எடத்துக்கெல்லாம். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் முகம் வாடிப்போனது. பைக்கில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, அக்கார்டியன் எழும்பியதும் அவள் திரும்பினாள். முகம் லேசாகச் சிவந்திருந்தது.

"கடைசி வரிசையெல்லாம் வேண்டாம்" என்றாள். "பாட்டு கேக்கற தூரத்துல வா."