மேல் லைனில் ஆள் இருக்கு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். போர்வையைக் காலுக்கும் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். இதில் வருகிறவர் யாரையும் அடிக்கவில்லை, யாரையும் துரத்தவில்லை. ஒரே ஒரு வாசகம் சொன்னார், அவ்வளவுதான். பயம் வந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நம் மலையில் லைன் என்றால் இரண்டு. கொழுந்தெடுக்கிறவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளும் லைன்தான். கைப்பேசிக்கு வருகிற அலையும் லைன்தான். இந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் கோகிலன் தப்பித்துக்கொண்டான்.

கோகிலன் தானா ராத்தா ஊர்க்காரன். கைப்பேசிக் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் குத்தகைக் கம்பெனி ஒன்றில் வேலை. கூட ரஸ்லான் என்று ஒரு மலாய்க்காரப் பையன், வண்டி ஓட்டுவான். எங்கே கோபுரம் படுத்தாலும் கோலாலம்பூர்க் கட்டுப்பாட்டு அறையில் ஒரு டிக்கெட், அதாவது பழுதுப் பதிவு, திறப்பார்கள். இவர்கள் போய்ச் சரிசெய்ததும் அதை மூடுவார்கள். ஆள் குடியிருக்கும் இடம் என்றால் நான்கு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். ஆளே இல்லாத இடம் என்றால் மூன்று நாள் வரை தள்ளலாம். சட்டம் அப்படி.

வெள்ளிப்பாறைத் தோட்டத்தின் உச்சியில் ஒரு சின்னக் கோபுரம் உண்டு. மலை மடிப்புக்குள் இருக்கும் மேல் லைனுக்கு அந்த ஒன்றை விட்டால் வேறு அலை கிடையாது. ஒரு சனிக்கிழமை காலையில் கோகிலனுக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, காளியண்ணன் பேசுறேன். மேல் லைன்ல லைன் இல்லப்பா. நேத்து மழையில போனது. கீழ லைன் கெடைக்கிற மில்லு முடுக்கு வரைக்கும் எறங்கி வந்துதான் கூப்பிடுறேன்.”

“ஏன் மாமா இப்படி மூச்சு வாங்குது?”

“அது எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள பழக்கம். நீ லைன பாரு லா.”

கோகிலனுக்கு அவரை நன்றாகத் தெரியும். டீசல் ஊற்ற மேலே போகும்போதெல்லாம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பால் கலக்காத தே ஓ குடித்திருக்கிறான், அவித்த மரவள்ளிக்கிழங்கு தின்றிருக்கிறான். “இந்தக் கோபுரத்துக்கு நாந்தான் மாமனாரு” என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அன்றைக்கு ரிங்லெட்டில் அவன் மச்சானுக்கு நிச்சயதார்த்தம். சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே சேற்றுப் பாதை, போய்த் திரும்ப அரை நாள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து நஜிஹா என்ற பெண் கூப்பிட்டாள். “அங்கே எத்தனை பேர் இருக்காங்க?”

“மேல் லைன் தாக் அடா” என்றான். மேல் லைன் இல்லை என்று.

“ஓ, அந்தப் பழைய வீடுகளை இடிச்சிட்டாங்களா?”

“ம்.”

அவள் பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள். கோகிலன் சட்டையை மாட்டிக்கொண்டான். கிழவர் சொன்னதைத்தானே அப்படியே சொன்னேன், இல்லை என்றுதானே அவரும் சொன்னார் என்று வழியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டே போனான். வார்த்தையில் பொய் இல்லைதான். அந்த ‘ம்’ இருக்கிறதே கண்ணுகளா, பொய் முழுக்க அதற்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம்தான் வண்டி மேலே ஏறியது.

இரண்டு மணிக்கே பனி இறங்கிவிட்டது. தேயிலைச் செடிகள் இரண்டு வரிசைக்கு மேல் தெரியவில்லை. ஈரமண் வாசம், எங்கேயோ சாம்பிராணி வாசம். நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. கொழுந்தெடுக்கும் இயந்திரத்தின் சத்தமும் இல்லை.

“மச்சா, இன்னிக்கு வேலை லீவா?” என்றான் ரஸ்லான். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடித் தமிழ் பழகியவன்.

கோகிலன் கோபுரத்தடிப் பெட்டியைத் திறந்தான். மின்னலில் சுவிட்ச் ஒன்று கீழே விழுந்திருந்தது. பாட்டரி வற்றிப்போயிருந்தது. சுவிட்சை மேலே தூக்கிவிட்டான், இரண்டு ஒயரைத் துடைத்தான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

பத்து நிமிஷ வேலை.

“லைன் சுடா மாசோக்” என்று ரஸ்லான் கட்டைவிரலைக் காட்டினான். லைன் வந்துவிட்டது.

அந்த நொடியே கோகிலனின் கைப்பேசி அடித்தது. திரையில் பெயர், காளியண்ணன் மாமா.

“லைன் வந்துடுச்சு மாமா. மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே இழுக்க ஒரு மூச்சு. அதை வெளியே விடக் காணோம். மறுபடி உள்ளே இழுக்க ஒரு மூச்சு.

“மாமா?”

“லைன்ல ஆள் இருக்கு.”

அழைப்பு நின்றது.

கோகிலனுக்குக் காது மடல் சில்லிட்டுப்போனது. நஜிஹாவிடம் சொன்னது இவருக்கு எப்படித் தெரியும்? நேரில் போய்ச் சமாதானம் சொல்லிவிடலாம் என்று இறங்கினான். பனிக்குள் நாலு வீட்டு வரிசை மெல்ல மெல்லத் தெரிந்தது. கடைசி வீட்டு முன்னால் இரண்டு பேர் நீலக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

வாசலில் காளியண்ணன் மகள் பூவிழி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டிலும் கட்டு.

“வாங்கண்ணே. அப்பா நேத்துக் காலையில தவறிட்டாரு. சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டோம்.”

“இப்பத்தான்... மாமா போன்லேருந்து...”

“அந்தப் போனா? பிரியமா வச்சிருந்தாருன்னு பெட்டியில அவரு கையிலயே குடுத்து அனுப்பிட்டோமே.”

அவன் திரையைக் காட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். நேரம் இருந்தது, பெயர் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. அந்தப் பெயர் மேலேயே விரலை அழுத்திவிட்டாள்.

மணி அடித்தது.

கைப்பேசிக்குள் அடித்தது.

வீட்டுக்குப் பின்னால், சரிவுக்குக் கீழே, தோட்டத்து இடுகாட்டுப் பக்கமும் அடித்தது. மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கி அடித்தது.

யாரோ எடுத்தார்கள்.

மூச்சு. உள்ளே இழுக்கிற மூச்சு.

“லைன்ல ஆள் இருக்கு.”

கைப்பேசி அவள் மடியில் விழுந்தது. அலறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள்.

“என்னைத்தான் சொல்றாரு. ஆம்புலன்ஸக் கூப்பிட லைன் இல்ல. அவரை ஒத்தையா படுக்க வச்சுட்டு மில்லு முடுக்குக்கு ஓடினேன். ரெண்டு எடத்துல விழுந்தேன். கூப்பிட்டுட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள... லைன்ல ஆள் இருக்கு, விட்டுட்டு ஓடினியேன்னு கேக்குறாரு. நாந்தாண்ணே அவரைச் சாவக் குடுத்தேன்.”

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், கண்ணுகளா. கோகிலன் நின்ற இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். அந்த வாசகம் யாருக்கு வந்தது என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் போதும். வேலை நிலைக்கும், பெயர் நிலைக்கும். அந்தப் பெண் மட்டும் ஆயுசுக்கும் அதைச் சுமந்துகொண்டு திரிவாள்.

“டீ கொண்டு வரட்டுமாண்ணே?” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த வீட்டுப் பழக்கம் அது.

அதில்தான் அவன் உடைந்தான். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“உன்னைச் சொல்லல தாயி. என்னைச் சொல்றாரு.”

எல்லாவற்றையும் சொன்னான். சனிக்கிழமை அழைப்பு, நிச்சயதார்த்தம், நஜிஹா கேட்டது, தான் சொன்னது, அந்த ‘ம்’. கூடாரம் பிரித்தவர்களும் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். ரஸ்லான் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியில் அவள் கேட்டாள். “எத்தனை நேரத்து வேலைண்ணே அது?”

“பத்து நிமிஷம்.”

அவள் வாசற்படியைக் கையால் தட்டிக் காட்டினாள். “ஒங்களுக்கு எங்க லைன் தெரியாதாண்ணே? இந்தப் படியில உக்காந்துதான கெழங்கு தின்னீங்க?”

அவன் இரண்டு கையையும் கூப்பினான்.

“என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. குடுக்க இப்ப என்கிட்ட இல்ல. பூஜ்யம்னு சொன்னீங்களே, அங்க போனப் போடுங்க. நான் கேக்கணும்.”

அவள் முன்னாலேயே நஜிஹாவைக் கூப்பிட்டான். தான் சொன்னது பொய், மேல் லைனில் நாலு வீடு இருக்கிறது, பத்துப் பேர் இருந்தார்கள், ஒருவர் இறந்துவிட்டார், இப்போது ஒன்பது பேர் என்று எழுதச் சொன்னான். மறுமுனையில் அந்தப் பெண் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள். “ஒன்பதா? எனக்கு இங்கே பத்து போன் தெரியுதே.”

கோகிலனுக்கு வேலை போயிற்று. விசாரணையில் அவன் எதையும் மறைக்கவில்லை. இப்போது ரிங்லெட்டில் ஈசா பாய் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். யார் ஆர்டர் சொன்னாலும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கல்லில் போடுவான். “செவிடாடா நீ?” என்று வாடிக்கையாளர்கள் வைவார்கள். அவன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். எனக்கு இதைச் சொன்னவன் அவன்தான். மீதியைச் சொன்னவன் ரஸ்லான்.

கோபுரத்தை இப்போது ரஸ்லான்தான் பார்த்துக்கொள்கிறான். அந்த வருஷமே பூவிழி தானா ராத்தாவுக்குக் குடிபோனாள். கட்டுப்பாட்டு அறைக் கணக்கில் எட்டு என்று ரஸ்லான் திருத்தினான். மறுநாள் ஒன்பது காட்டியது. அடுத்த வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் திரிங்காப்பு ஊருக்குப் போனார்கள். ஐந்து என்று போட்டான். ஆறு காட்டியது. கம்பெனிக்காரர்கள் மென்பொருள் கோளாறு என்றார்கள். இரண்டு முறை மாற்றியும் பார்த்தார்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் கடைசிக் குடும்பமும் சாமான்களை லோரியில் ஏற்றிவிட்டது. நாலு வீட்டுக்கும் தோட்டத்துத் துரை பூட்டுப் போடச் சொன்னார். ரஸ்லான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தான். கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு கோபுரத்தடியில் நின்று, இனி கோகிலன் சொன்னதே நிஜமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே, பூஜ்யம் என்று அனுப்பினான்.

கட்டுப்பாட்டு அறை உடனே திருப்பி அனுப்பியது.

ஒன்று.

இருக்கட்டும் கண்ணுகளா. விளக்கை அணைக்க வேண்டாம், எரியட்டும். உங்கள் வீட்டில் எத்தனை உயிரோ அத்தனையும் எண்ணிக்கையில் குறையாமல் இருக்கட்டும். உங்கள் பெரியவர்கள் மூச்சு தடையில்லாமல் ஓடட்டும். உங்கள் வீட்டிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டால், கேட்கிறவன் ‘ம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்காமல், எழுந்து வரட்டும்.