மிளகாய் அறையின் வரைபடம்

அந்தக் கதவுக்குப் பூமிநாதன் தாழ்ப்பாள் வரையவே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருந்தான். ஆனால் வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில் துபாயிலிருந்து ஹெட்போனில் வந்த ஹமீது முதலில் கேட்டதே அதைத்தான்.

"மாப்ள, கடைசி ரூமுக்கு வெளிப்பக்கமா தாழ்ப்பா போட்டிருக்கியே, எதுக்கு?"

ஹமீது கீழக்கரைக்காரன், பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அவனும் சிநேகிதர்கள் நாலு பேரும் அவரவர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆடும் விளையாட்டு அது. ஹமீது கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, கதைக்குள் நடப்பார்கள். நடப்பதற்கு எல்லார் திரையிலும் ஒரே மேப் விரியும். கட்டம் போட்ட குகையோ வீடோ, அதில் ஆளுக்கொரு வட்டம். அந்த மேப்புகளைச் சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைப்பவன் பூமிநாதன்.

இந்த ஒரு மேப்புக்குத்தான் பாராட்டு குவிந்தது. பேர் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம், இப்படியொரு அறை உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவன் ஒருத்தருக்கும் பதில் போடவில்லை.

தோன்றியதல்ல, பார்த்தது. பக்கத்து வீடு. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ராக்கப்பன் வீடு.

2006 பங்குனியில் ஒரு மத்தியானம், ராக்கப்பன் ஏதோ சண்டையில் பெண்டாட்டி சண்முகவள்ளியை மிளகாய் மூட்டை அடுக்கிய கொல்லை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெளியூர் போய்விட்டான். முண்டு மிளகாய் நெடியும் தகரக் கூரைச் சூடும். சந்து வழியே போன பூமிநாதனின் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"தம்பி, தாழ்ப்பாள மட்டும் எடுத்து விட்டுட்டுப் போப்பா. நீதான்னு யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

நின்றான். ராக்கப்பனின் முரட்டுக் கையை நினைத்தான். சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து, அவள் இருமல் காதில் விழாதிருக்க ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டு படுத்தான். மறுநாள் அவளைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். விசாரிக்க வந்த போலீஸிடம், அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றான். நமக்கெதுக்குலே ஊர் வம்பு என்று அம்மாவும் அவர்களிடம் அதையே சொன்னாள்.

இதெல்லாம் போக, போன மாசம் புதிதாக எதுவும் வராமல் திண்டாடியபோது, அந்த அறையை நினைவிலிருந்து அளந்து வரைந்தான். மூட்டைகள், கை நுழையாத காற்றுத்துளை, கதவு. பிரமாதமாக வருகிறதே என்று வரையும்போது சந்தோஷப்பட்டான். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசியது.

தன் கோப்பைத் திறந்து பார்த்தான். தாழ்ப்பாள் இல்லை. எல்லாரும் பார்க்கும் திரையில் இருந்தது. துருப்பிடித்த, கையகல இரும்பு. பழையதை அழித்துவிட்டுக் கோப்பைத் திரும்ப ஏற்றினான். அப்போதும் தாழ்ப்பாள் இருந்தது.

மூக்கு எரிந்தது. ஆவணி மாசம், ஊரில் ஒரு வீட்டிலும் மிளகாய் மூட்டை கிடையாது. ஆனாலும் நெடி கதவிடுக்கு வழியாக வந்து, தொண்டையில் இறங்கி, கண்ணைக் கரிக்க வைத்தது.

"உள்ள ஒரு வட்டம் நிக்குதே, நீ வச்சியா?" என்றான் ஹமீது.

மூடிய அறைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். கதவோரம். அசையவில்லை.

"நான் வைக்கல."

"அப்ப இருமுறது யாரு? உன் பக்கமா கேக்குது."

பூமிநாதன் மூச்சைப் பிடித்தான். ஹெட்போனைக் கழற்றினான். இருமல் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம். வறட்டு இருமல். இடைவெளி. மறுபடி.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல்லிவிட்டான். ஃபேன் போட்டதுவரை எல்லாவற்றையும். முகம் தெரியாத நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது பாதியில்தான் உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

முடித்ததும் ஹமீது சொன்னான். "பக்கத்து வீடுதான? போயித் தொறந்து விடு."

அம்மா அடுப்படியில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் கொல்லைச் சுவரேறிச் சந்தில் குதித்தான். வெயில் உச்சியில் நின்றது. கருவேலஞ்செடி முழங்கால் உயரம். சந்தைப் பார்த்த கொல்லை அறைக் கதவுக்குப் பூட்டில்லை, தாழ்ப்பாள் மட்டும்தான். கை வைக்கக் கூசியது. இரும்பு சுட்டது. இரண்டு கையாலும் இழுத்தான். வந்துவிட்டது. இவ்வளவு லேசா?

உள்ளே யாருமில்லை.

மூட்டைகளில்லை. நெடியுமில்லை. நேரெதிர்ச் சுவர் முழுக்க நகக்கீறல். கண் பழக, அது வெறும் கீறல் இல்லையென்று புரிந்தது. வரைகிறவன் கண்ணுக்கு அது தப்பாது. இந்த அறை. வெளியே சந்து. அப்பால் அவன் வீடு. அவன் கட்டில், அம்மாவின் அடுப்படி, பின்வாசல். அளவு ஒன்றுகூடப் பிசகவில்லை.

கர்ர்ர்.

சுவரிலிருந்த அறையின் வாசலில் புதிதாக ஒரு கோடு கிளம்பியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. கீறும் விரல் இல்லை. கோடு வெளியே வந்தது. சந்தில் திரும்பியது. அவசரமில்லை. நடக்கிற வேகம்.

அவனை உரசிக்கொண்டு எதுவும் போகவில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும்.

தெரிந்திருக்குமா?

கோடு அவன் வீட்டுப் பின்வாசலில் நின்றது. கத்த வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. இன்னொரு இருமல். மூச்சு உள்ளே போகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் முறம் புடைக்கும் சத்தம் நின்றது. அம்மாவின் குரல் கேட்டது, இதமாக.

"யாரு தாயி அது? வெயில்ல நிக்காத. உள்ள வா."

கோடு படியைத் தாண்டி அடுப்படிக்குள் நுழைந்தது.