வீடு திறந்திருக்கும்

வாசற்படியில் ஒரு தட்டு இருந்தது. மேலே வெள்ளித்தாள் போட்டு, ஓரங்களை விரலால் அழுத்திவிட்டிருந்தார்கள். ஊனா தாளைத் தூக்கிப் பார்த்தாள். முக்கோணமாக நறுக்கிய ரொட்டி, நடுவே பன்றியிறைச்சி. சந்தில் வண்டி எதுவும் வந்த சத்தமில்லை. அயர்லாந்தின் மேயோ பக்கத்தில் இப்படியொரு தட்டு சாவு வீட்டுக்குத்தான் வரும்.

"யார் வீட்டுக்குப் போக வேண்டியதோ," என்றான் அவள் கணவன் ஃபின்டன், ஒன்றை எடுத்துக் கடித்தபடி. "செத்தா இப்படிச் சோறு போடுவாங்கன்னா நான் தினமும் சாவேன்டி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் மண் அள்ளும் எந்திரத்துக்காக அவன் வாங்கிய கடனால் வந்தது. கடன் கொடுத்தவர்கள் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கடன் மட்டும் நின்றது. பிறகு போன் வர ஆரம்பித்தது. சாப்பிடும்போது வந்தது, குளிக்கும்போது வந்தது, அவள் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறைக்கும் கால்வேயில் இருக்கும் அவள் தங்கைக்கும் வந்தது. எப்போதும் கடன் வசூலிக்கும் டெஸ் என்ற ஒரே ஆள், ஒரே மெதுவான குரல். அவரால் இப்போது பேச முடியாது என்று ஊனா சொல்வாள். சரிம்மா, காத்திருக்கிறேன் என்பான். வைக்கமாட்டான்.

நேற்று, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு போனை எடுத்தவள், அவர் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டாள்.

டெஸ்ஸின் குரல் இளகியது. "உடலை வீட்டுலதானே வெச்சிருக்கீங்க?"

"ஆமா. வீடு திறந்திருக்கும்."

யார் வேண்டுமானாலும் துக்கத்துக்கு வரலாம் என்று அர்த்தம்; அந்த ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் யார் வாயிலும் தானாக வரும் பதில் அது. வீட்டார் மட்டும் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் படியேறமாட்டார்கள். அவள் அதைச் சொல்லவில்லை.

அதன்பின் போன் அடிக்கவே இல்லை. இருவரும் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்கள்.

டிசம்பர் வெளிச்சம் தேநீர் நேரத்திலேயே அணைந்தது. அடுப்பில் எரிக்க, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிக்கட்டிகளை எடுத்துவர ஃபின்டன் பின்கொட்டகைக்குப் போனான். காற்று புகைபோக்கிக்குள் இறங்கி முனகியது, ஜன்னலில் மழை மணல்போல் உரசியது, கரிப்புகைக்கு அடியில் இன்னொரு வாசனை, நனைந்த கம்பளியும் மெழுகும் கலந்தது, கூடத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. அடுப்பு மேலிருந்த கடிகாரத்தின் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முட்களை, சாவு வீட்டில் செய்வதுபோல, யாரோ நிறுத்தியிருந்தார்கள். கூடத்துக் கண்ணாடியையும் படுக்கைவிரிப்பால் மூடியிருந்தார்கள். அவளுடைய விரிப்பு. அலமாரிக்குள் அவள் மடித்து வைத்திருந்தது.

ஃபின்டனின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் திரையை விலக்கினாள்.

முற்றத்தில் நாற்காலிகள். தேவாலய மண்டபத்து மடக்கு நாற்காலிகள், வரிசை வரிசையாக. எல்லாவற்றிலும் ஆட்கள். கறுப்புக் கோட்டுகள். மழையில் அசையாமல், ஜன்னலைப் பார்த்தபடி.

ஃபின்டனுக்குப் போன் போட்டாள். கொட்டகைப் பக்கம் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"அவரால இப்ப பேச முடியாதும்மா," என்றான் டெஸ்.

கொட்டகையில் ஒரு அடி விழுந்தது. ஈரக் கட்டையைப் பிளப்பதுபோல. ஒரு அலறல். மறுபடி அடி. அலறல் பாதியில் நின்றது.

கதவு திறந்தது. உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறோம் என்றார்கள். குளிர்ந்த கைகள். அப்புறம் ஒரு கை. சூடாக, பிசுபிசுவென்று. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சிவப்பு.

அவளுடைய சமையலறை நாற்காலிகள் மேல் சவப்பெட்டியை வைத்தார்கள். ஃபின்டனைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். முழங்கால்கள் தவறான பக்கம் மடங்கியிருந்தன. ஒரு கிழவி அவன் முகத்து ரத்தத்தைத் துடைத்தாள், உடைந்த தாடையைப் பாத்திரத் துணியால் இழுத்துக் கட்டினாள், விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினாள். அவன் கண்கள் திறந்திருந்தன. ஊனாவைத் தேடின.

"அவரு உயிரோட இருக்காரு," என்றாள்.

டெஸ் குள்ளமான ஆள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. கையில் கரிவெட்டும் மண்வெட்டி. "நேத்து வேற சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். விட்டுடுங்க. பொய்."

"துக்கத்துல இருக்கற பொம்பளைய நாங்க பொய்க்காரின்னு சொல்லமாட்டோம்மா."

யாரோ அவள் கையில் தேநீர்க் கோப்பையைத் திணித்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறார், அவராகவே இருக்கிறார் என்று, பிணத்தைப் பார்க்க வருகிறவர்கள் சொல்வதுபோல, கிழவி மெச்சினாள். எல்லோரும் முழங்காலிட்டார்கள். முதல் ஜெபம் வீட்டுக்காரி சொல்லவேண்டியது. காத்திருந்தார்கள்.

பெட்டியில் ஜெபமாலைக்கு அடியில் ஒரு விரல் எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

டெஸ் அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து, மெதுவாக, எலும்பு முறியும்வரை அழுத்தினான்.

"ஆரம்பிங்கம்மா," என்றான்.