ஏழாம் காம்பராவுக்கு ஒரு சம்மன்

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஏழாம் காம்பரா என்ற அந்த ஒற்றை அறையில், ஓர் அலறல்!

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த வீரம்மாதான் அலறினாள். கோர்ட் ஆட்கள் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கடன் கேசு தீர்ப்பாயிருச்சும்மா. சம்மன் வாங்கிட்டு நீ கோர்ட்டுக்கே வரலியே."

"எந்தச் சம்மனுங்க?"

பெட்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே அவளுடைய பிரஜாவுரிமைக் காகிதங்கள்! வெள்ளிக்கிழமை அதற்கான விசாரணை. காகிதம் இல்லையென்றால், பிறந்த நாட்டிலேயே அவள் யாரோ!

வக்கீலான புரொக்டர் முத்துலிங்கத்திடம் ஓடினாள். கொட்டகலைக் கடைக்காரர் செல்லசாமியின் கடனை வட்டியோடு அடைத்துவிட்டதைச் சொல்லி அழுதாள். செல்லசாமியோ கடன் பத்திரத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டிருந்தார்! முத்துலிங்கம் கோர்ட் காகிதங்களைப் புரட்டினார்.

"மார்ச் ஒம்பது, பகல் பதினொரு மணிக்கு, லயத்துல ஒன் கையிலேயே குடுத்ததா சம்மன்காரன் சத்தியம் பண்ணியிருக்கான்."

"அந்நேரம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேங்க."

முத்துலிங்கம் தோட்டத்து வருகைப் பதிவைத் தேடிப் போனார். அன்று அவள் வேலைக்கே வரவில்லை என்றிருந்தது.

அதை எழுதிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை... செல்லசாமியின் மச்சான்!

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு முத்துலிங்கம் மனுப் போட்டார். வியாழக்கிழமை. கோர்ட். சம்மன்காரன் பழனியாண்டி சிரித்தபடி கூண்டேறினான்.

முத்துலிங்கத்தின் பார்வை கடைசி பெஞ்சுக்குப் போனது.

அங்கே... தோட்டத்தை நிர்வகிக்கும் துரை! அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைந்த சங்கத்துக்காரர் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்ப வந்தவர், அடுத்த கேசுக்காகக் காத்திருந்தார்.

முத்துலிங்கம் பழனியாண்டியிடம் திரும்பினார். "லயத்துக்குள்ள போனது நிச்சயந்தானா?"

"நிச்சயமுங்க."

"தோட்டத்துக்குள்ள நொழைய தொர கையெழுத்துப் போட்ட அனுமதித் துண்டு வச்சிருந்தியா? பெட்டி தூக்கப் போனவங்களே துண்டோடதான் போனாங்க."

பழனியாண்டி சட்டைப் பையைத் தடவினான்.

"அப்ப, துண்டு இல்லாமதான் உள்ள போனியா?"

துரை எழுந்தார். முகம் சிவந்திருந்தது. வாசலில் நின்ற சார்ஜண்டை விரலசைத்துக் கூப்பிட்டார்.

போனேன் என்றால் துரை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடமாட்டார். போகவில்லை என்றால் வேலை போகும்!

பழனியாண்டி துரையைப் பார்த்தான்... சார்ஜண்டைப் பார்த்தான்... நீதிபதியைக் கும்பிட்டான்.

"நான் தோட்டத்துப் பக்கமே போகலீங்க, சாமி. செல்லசாமி கடையில உக்காந்துதான் சம்மன் குடுத்ததா எழுதினேன்."

தீர்ப்பு ரத்து! கடன் வழக்கைப் புதிதாக விசாரிக்க உத்தரவு. பொய்ச் சத்தியத்துக்காகப் பழனியாண்டி மேல் தனி வழக்கு.

அன்று மாலையே பெட்டி கிடைத்தது. அதை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீரம்மா கேட்டாள்.

"ஐயா, இப்ப அந்தச் சம்மன்காரனுக்கும் சம்மன் வருமா?"

"வரும்."

"அத எங்கிட்ட குடுங்க. நான் குடுத்தேன்னா... குடுத்ததுதான்!"