கையொப்பம் வாங்கிய இடம்

என் எழுபத்தெட்டு வயதும் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் சாட்சி: இதில் ஒரு சொல்கூட நானாகச் சேர்த்ததில்லை.

பெர்மாஸ் ஜெயாவில், யோகேஸ்வரியின் குளியலறையில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சோப்பு ஈரமாக இருந்தது. காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனவள் அப்போதுதான் திரும்பியிருந்தாள்; வீட்டில் வேறு ஆளில்லை. சோப்பில் ஒட்டியிருந்த சுருண்ட நரைமுடியை அவள் நகத்தால் சுரண்டும்போது, பழைய சம்சுச் சாராய நெடியும், தலையெண்ணெயின் சிக்கு வாடையும், யாரோ காறித் துப்பிய சளியின் புளிப்பும் கலந்து, தண்ணீர் போகும் துளையிலிருந்து மெல்ல ஏறி வந்து அவள் தொண்டையில் படிந்தன.

ஆறு மாதத்துக்கு முன் அவள் கன்னத்து எலும்பை உடைத்துவிட்டுப் போன கணவன், மனோகரனின் வாடை.

அவன் அவளை நெருங்கக் கூடாதென்று திங்கட்கிழமைதான் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை கொடுத்திருந்தது. ஆனால் அந்தத் தாளைப் போலீஸ் அவன் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கும்வரை அவனைப் பிடிக்க முடியாதாம்.

நிலையத்துக்குப் போன் அடித்தாள். ஆணைகளைக் கவனிக்கும் கார்ப்பரல் அர்ச்சுனன் எடுத்தார்.

“அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன் லா. காலைல பத்து மணிக்குக் குடுத்தாச்சு. சைன் போட்டு வாங்கிட்டாரு. இனிமே கிட்ட வந்தா லாக்கப்தான்.”

“எங்க வச்சுக் குடுத்தீங்க?”

“பாரத்துல நீங்க எழுதுன அட்ரஸ்தான். அவரு ஐசில உள்ளது.”

அவனுடைய அடையாள அட்டையின் நகலைப் பார்த்து அவள் அப்படியே எழுதியிருந்தாள். அந்த முகவரியை அவன் மாற்றவே இல்லை.

“தம்பி… அது என் வீடு.”

போனில் தாள் புரட்டும் சத்தம்.

“கைலியோட வந்து கேட்டைத் திறந்தாரு. தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு கூட… அக்கா, வெளிய போங்க. இப்பவே!”

கூடத்துக்கு ஓடினாள். பின்கதவுக் கொக்கி நெளிந்து தொங்கியது. ஏதோ மெல்லும் சத்தம். ஈரமாக. அறைக்குள்ளிருந்து.

அறைக்கதவு திறந்தது.

வாசலை மறித்து மனோகரன். கன்னம் உப்பியிருந்தது. கையில் ஆணையின் கிழிந்த பாதி. மறுபாதி வாயில். முத்திரையின் ஊதா மை எச்சிலில் குழைந்து, நூல் நூலாக மார்பு முடிக்குள் வழிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே விழுங்கினான்.

மிச்சத்தை அவள் வாயருகே நீட்டினான்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவன் மனோகரன். யோகேஸ்வரியிடம் நான் ஒரு நாளும் பேசியதில்லை; அவள் தொண்டையில் படிந்த வாடையும் போனில் அவள் கேட்டதும் அவனுக்கு எப்படித் தெரியுமென்று அவனிடம் கேட்டதுமில்லை.