எட்டுச் செலவன்று வீட்டில் இருந்தவன்

கூடத்தில் யாரோ சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து மற்றது. வினோதன் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்போரம் நின்றான். வீட்டில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

அண்ணன் சண்முகலிங்கம் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு. அவருக்குப் பிடித்த நண்டுக்கறியும் சோறும் சாராயமும் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வீட்டார் வெளியே போய்விட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவார். வினோதனின் மனைவி நிரஞ்சினி கீழே கார் தரிப்பிடத்துக்கு இறங்கிவிட்டாள். அவனால் இறங்க முடியாது. குடிவெறியில் கார் ஓடிப் பிடிபட்டவன். மறியலில் அடைப்பதற்குப் பதிலாகக் காலில் கறுப்புக் கண்காணிப்புப் பட்டி. வேலைக்குத் தவிர வாசல் தாண்டினால் பொலிசுக்குத் தெரிந்துவிடும். ஒரு சொட்டுக் குடித்தாலும் மறியல்தான், முதியோர் இல்ல வேலையும் போய்விடும். காலையில் அதிகாரி வந்து ஊதச் சொல்வார்.

"குசினிக்குள்ளயே இருங்கோ. என்ன கேட்டாலும் எட்டிப் பாக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் நிரஞ்சினி போனாள்.

துன் ஏரிப் பக்கமிருந்து வந்த பனிப்புகார் பின்னேரத்தையே இருட்டாக்கி யன்னலை மூடிக் கிடக்க, கதவின் கீழ் இடுக்கால் கறி மணமும் சாராய நெடியும், அவற்றோடு மழையில் ஊறிய கம்பளி மணமும் மெல்ல மெல்ல வந்து குசினியை நிறைத்தன. கீழே பஸ் தரிப்பிடத்தில் அண்ணன் விறைத்துக் கிடந்தது கம்பளி ஜக்கெற்றோடுதான். அன்றிரவு அங்கிருந்து வினோதனுக்குப் போன் எடுத்திருந்தார்.

"தம்பி, நெஞ்சு நோகுது. ஒருக்கால் கீழ வாடா."

"எனக்கு வரேலாது அண்ணை. போய்ப் படுங்கோ."

குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்று போனை அணைத்தான். அம்புலன்சுக்குக்கூட அடிக்கவில்லை. விடிய அண்ணன் போய்விட்டார். இதை அவன் நிரஞ்சினிக்கும் சொல்லவில்லை, வெட்கத்தால்.

இலை சரசரத்தது. நண்டுக்கால் உடைந்தது. பிறகு இருமல். அண்ணனின் இருமலேதான். ஓடுவதென்றால் கூடத்தைத் தாண்ட வேண்டும். பல்கனியால் குதித்தால் மறியல். குளிர்ப்பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.

சத்தம் நின்றது.

ஈரக் காலடிகள். கதவுப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

"வரேலாது எண்டனி. அதுதான் நான் வந்தனான்." குரலில் கோபமே இல்லை. "சாப்பிட்டியோடா?"

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை நீண்டது. நீலம் பாரித்த விரல்கள். உருட்டிய சோறு. சோற்றிலிருந்து சாராயம் சொட்டியது.

"ஆ காட்டு."

பல்லைக் கடித்தான். குளிர்ந்த விரல்கள் உதட்டைத் தொட்டன. அழுகை வந்தது. வாய் திறந்தது.

சோறு போனது. விரல்கள் போயின. மணிக்கட்டும் போனது. கை இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.